கடைக்காரர் இல்லாமல் கடைத்தெரு ஏது?

கே: கொழும்பு கொம்பனித்தெரு கடைகளுக்கும் தண்ணீருக்கும் என்ன உறவு? (கொட்டாஞ்சேனை வாசகர்)

ப: பேர வாவிதான் உறவு. போர்த்துக்கேயர் கோட்டையைக் காக்கத் தேக்கிய நீர் அது. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் இந்தக் கரையில் அடைத்துவைத்தார்கள். தப்பி நீந்தாமலிருக்க முதலை விட்டதாகவும் சொல்வார்கள். பிரித்தானியர் காலத்தில் கரையோரம் பண்டகசாலைகள் எழுந்தன. வாவியையும் துறைமுகத்தையும் இணைத்த வாய்க்காலில் சரக்கு வள்ளங்கள் போயின. மூட்டை சுமக்கும் நாட்டாமிக்குச் சோறும் சவரமும் வேண்டாமா? கடைகள் வந்தன.

கே: அங்கே மலாய்க்காரர் எப்படி? (வெள்ளவத்தை வாசகி)

ப: பட்டாளத்தோடு வந்தவர்கள். சிலோன் ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைந்த பிறகும் குடும்பங்கள் தங்கிவிட்டன. ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் எல்லாம் அவர்கள் தடம்தான். தேங்காய்ப்பூ போட்ட சூடான பிட்டின் மேல் சிவந்த பபத் குழம்பை ஊற்றி, குடல் துண்டுகளோடு பிசைந்து சாப்பிட்டுப் பாருங்கள். அந்த வரலாற்றில் பாதி நாக்கிலேயே தெரியும்.

கே: பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் தெரு பிழைக்காதா? (தெஹிவளை வாசகர்)

ப: கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை 2011இல் அழகாகப் புதுப்பித்தார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை. கொம்பனித்தெரு ரயில் நிலையத்துக்கு அருகே 19ஆம் நூற்றாண்டு டி சொய்சா கட்டடத்தில் கீழே கடை, மேலே வீடு என்றிருந்தது. கடைக்காரருக்குத் தெருவில் எல்லாரையும் தெரிந்திருந்தது. சம்பளம் வரும்வரை கடனைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். மீளமைப்பு என்று வந்ததும் குடும்பங்கள் தொடர்மாடிகளுக்குப் போயின. தனிக் கழிப்பறை, ஒழுகாத கூரை, நல்லதே. ஆனால் ஒரு முட்டையும் கால் கிலோ சீனியும் வாங்க யார் பன்னிரண்டாம் மாடி ஏறுவார்?

கே: 2014இல் புறக்கோட்டையில் மிதக்கும் சந்தை திறந்தார்களே? (மருதானை வாசகி)

ப: திறந்தபோது சனம் குவிந்தது, பிறகு கடைகள் ஒவ்வொன்றாய் மூடின. கழிவுநீர் கலக்கும் வாய்க்காலுக்கு மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு எவ்வளவு நேரம் பேரம் பேச முடியும்? முதலில் சுத்தமான தண்ணீர், பிறகு படகு.

கே: கொம்பனித்தெருவுக்கு நீங்கள் கேட்பது என்ன? (பம்பலப்பிட்டி வாசகர்)

ப: புதுக் கட்டடங்களின் தரைமட்டக் கடைகளில் முதல் உரிமை பழைய கடைக்காரருக்கு. அவர் கட்டக்கூடிய வாடகை. இடையில் அவரை வெளியேற்ற முடியாத நீண்ட ஒப்பந்தம், அவருக்குப் புரியும் மொழியில்.