பிரேக் டப்பாவுக்கு ஒரு கோவணம்

வா கண்ணு, வா. வண்டிய அந்த வேப்பமரத்து நெழல்ல நிறுத்து. மொதல்ல ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. ஹேண்டில்பார்ல பிரேக் ஆயில் டப்பா இருக்குதல்லோ, அதுக்கு எதுக்குக் கோவணம் கட்டி வெச்சிருக்கறே?

பேஷனா? கையில போடற வேர்வைத்துணி வளையமாம். டவுன்ல எல்லாரும் மாட்டறாங்களாம். மாட்டட்டும், நானா வேண்டாங்கறேன்? அது ஏன் நனைஞ்சு கெடக்குது? இந்தப் பக்கம் மழை பேஞ்சு மூணு மாசமாச்சே!

சித்த தள்ளி நில்லு. லீவருக்குப் பக்கத்துல கறுப்பா ஒரு ரப்பர் மூடி இருக்குது பாரு. நகத்தால நெம்பறேன். வந்துதா சொட்டு? டேங்க்ல பெயிண்ட் பொரிச்ச அப்பளமாட்ட எழும்பியிருக்குதே, வெயில்னாலன்னு தானே சொன்னே? வெயிலு டேங்க்ல ஒரே எடத்துல மட்டுமா அடிக்கும்? பிரேக் ஆயில் பட்டா பெயிண்ட் தாங்காது கண்ணு. பட்ட ஒடனே ஒரு சொம்புத் தண்ணி ஊத்தியிருந்தா தப்பிச்சிருக்கும். நீ சொட்டு தெரியாம இருக்கத் துணி கட்டுனே. கூரை ஒழுகுதுன்னு கண்ண மூடிட்டுப் படுத்தவன் கதைதான்.

2006-ஆம் வருசத்து வண்டி. உன்ற மாமன் ஓட்டுனது. அதுக்கு நீ என்னென்ன சீர் செஞ்சிருக்கறே! ரெண்டு லைட்டு, போன் மாட்டற கொக்கி, செவப்பு லீவரு, ராக்கெட்டாட்ட ஒரு ஸ்டிக்கரு. பிரேக் ஆயில் எப்ப மாத்துனே? தவறாம மாத்தறேன்னு என்ஜின் ஆயிலச் சொல்றே. நான் கேட்டது இதெ. எளநித் தண்ணியாட்ட இருக்கோணும். டப்பாக் கண்ணாடியில பாரு, கடுங்காப்பி.

அந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்கும். டாட் 4-னு மூடியில எழுதியிருக்குதல்லோ, புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. தண்ணி சேந்துட்டா 155-லயே கொதிச்சாலும் கொதிக்கும். நீ வேற வால்பாறைக்குப் போறேங்கறே. எறங்கையில 40 கொண்டை ஊசி. பிரேக்கப் புடிச்சுட்டே எறங்குனா ஆயில் ஆவியாயிரும். அப்பறம் லீவர் பஞ்சாட்ட அமுங்கும். செவப்பு லீவரா இருந்தா மட்டும் என்ன, பச்சை லீவரா இருந்தா என்ன?

டிஸ்க் பிரேக்குன்னா புதுசுன்னு நெனப்பா? 1969-லயே ஹோண்டா சிபி 750-க்கு முன்சக்கரத்துல இதெ வெச்சுட்டான். உனக்கு வெளங்கற மாதிரி சொன்னா இது நம்மூரு அடிபம்பு. நம்ம வீதி பம்புல தண்ணி ஏறலீனா என்ன பண்ணுவோம்? வாசர் மாத்துவோம். இங்கயும் வெரல் தடிமன்ல ஒரு பிஸ்டன், அதுல ரெண்டு ரப்பர் வாசர். முன்னால இருக்கறது அழுத்தத்தத் தாங்கும். அது போனா வெளிய சொட்டே வராது, லீவர் மட்டும் கமுக்கமா உள்ள எறங்கும். பின்னால இருக்கறது போனா லீவர் பக்கம் சொட்டும். உனக்குப் போனது அது. போனது ஒண்ணுன்னாலும் கிட்டுல எல்லாம் சேத்து வரும், எல்லாத்தையும் மாத்திரோணும். கிட்டு உன்ற ஸ்டிக்கர் காசு கூட ஆகாது.

டப்பா மூடி ஸ்குரூவுல கைய வெக்கறதுக்கு முந்தி நில்லு. மெத்துனு இருக்கற ஸ்குரூ. சரியான ஸ்குரூ டிரைவர வெச்சு மேல ரெண்டு தட்டு தட்டி, அப்பறம் திருப்பு. அவசரப்பட்டு வழிச்சுட்டீனா பொழுதுக்கும் அதோட மல்லுக்கட்டு. டேங்க்குக்கு ஈரத்துணி போத்து. பிஸ்டனப் புடிச்சு உள்ள இருக்கற லாக்குக்கு நீள மூக்கு பிளேயர் வேணும். ஊக்கு, ஆணி எல்லாம் வேண்டாம். அப்படி நோண்டி ஸ்பிரிங்கு தெறிச்சு மாட்டுக்கொட்டாயில தேடுன ஆளு நானு.

பிஸ்டன் ஓடற குழிக்குள்ள நகத்தால தடவு. வழுவழுன்னு இருந்தாச் சரி. நகத்துக்குத் தட்டுச்சுன்னா மொத்தமாப் புதுசு வாங்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சா நாலு நாளைக்குத் தாங்கும், அஞ்சாம் நாள் எங்கயோ ஒரு வளைவுல சொல்லிக் குடுக்கும். டப்பா அடியில ரெண்டு ஓட்டை இருக்கும். ஒண்ணு குண்டூசி முனையாட்ட. அது அடைச்சிருந்தா பிரேக் புடிச்சது விடாது, அதையும் பாத்துக்க. வாசர் உதடு உள்பக்கம் பாக்கோணும்.

கழுவறதுக்குப் பெட்ரோல எடுக்கறே பாரு! வை கீழ. நான் எளவட்டமா இருக்கையில ஒரு ஜீப்புக்கு வாசர் போட்டேன். ரப்பர் தானே, பளபளன்னு இருக்கட்டும்னு மண்ணெண்ணெயில ஊற வெச்சேன். மறுநா பாத்தா பணியாரமாட்ட ஊதிக் கெடக்குது. பிரேக்கப் புடிச்ச வண்டி விடவே இல்ல. சந்தைக்குப் போற தடத்துல நின்னுபோச்சு. எட்டுப்பேரு தள்ளுனாங்க, அதுல ஒருத்தரு என்ற மாமனாரு. அன்னிக்கு வாங்குன பேச்சு இன்னும் காதுல கேக்குது. புது பிரேக் ஆயில்லயே கழுவு, அதுலயே நனைச்சுப் போடு. ஓஸ் மாட்டற போல்ட்டுக்குச் செப்பு வாசர் ரெண்டும் புதுசு.

அப்பறம் காத்து எடுக்கோணும். கேலிப்பர் நிப்பிள்ள குழாய மாட்டி, மறுமுனைய ஆயில் ஊத்துன பாட்டில்ல முக்கு. லீவர நாலுதரம் அமுக்கு, புடிச்சுக்க. நிப்பிளத் தளத்து, இறுக்கு, அப்பறம் லீவர விடு. குமிழி வருதா? மறுக்காப் பண்ணு. டப்பா வத்தாம ஊத்திட்டே இரு, வத்துச்சுன்னா மொதல்லிருந்து. முடிச்சுட்டு வாசல்ல உருட்டிப் பாரு. ரோட்டுக்குப் பொறகு போலாம்.

கோவணத்தக் காணமுன்னா தேடறே? அலசி அடிபம்புக் கைப்பிடியில மாட்டியுட்டேன். அதுவும் மாடலா இருக்கட்டுமே.