சாவி கையில், வண்டி மௌனம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ரிமோட்டுக்கு நானே பேட்டரி மாற்றினேன். கதவு திறக்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. 'கோடிங் போயிடுச்சு' என்கிறார் சாவிக்கடைக்காரர். போட்டுவிடலாமா? (வாலாஜாபாத்)

பதில்: முதலில் சாவியைப் பிரித்த மேஜைக்கு அடியில் தேடுங்கள். பல சாவிகளில் அரிசிமணி அளவில் ஒரு சிப் தனியாக இருக்கும். கூட்டைத் திறக்கும்போது சத்தமில்லாமல் விழுந்துவிடும். பெருக்கியாகிவிட்டதென்றால் குப்பைத்தொட்டி!

ஒரே சாவிக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். கதவு திறக்கும் ரிமோட்டுக்குப் பேட்டரி வேண்டும். எஞ்சினுக்கு அனுமதி தரும் சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. சிப் தன் அடையாளத்தைச் சொன்னால் எஞ்சின் கம்ப்யூட்டர் வழிவிடும். சொல்லாவிட்டால், பெரும்பாலான கார்களில் மீட்டர் பலகையில் ஒரு விளக்கு மின்னும். அந்த விளக்கைப் பார்க்காமல் கோடிங்குக்கு, அதாவது சிப்பை வண்டியில் பதிவதற்கு, காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் ஆகிறது, மாலையில் அடம் பிடிக்கிறது. (நெசவாளர், ஐயம்பேட்டை)

பதில்: வீட்டிலிருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் கோளாறு சாவியில். அதிலும் அடம் பிடித்தால் வண்டியில். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்திருந்தால் பிரித்துவிடுங்கள். அருகருகே இருக்கும் இரண்டு சிப்புகள் ஒரே நேரத்தில் பேசினால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் விளங்காது.

கேள்வி: ஐயங்கார்குளம் நடவாவி உற்சவக் கூட்டத்தில் இருந்த ஒரே சாவியும் தொலைந்தது. என்ன செய்வது?

பதில்: வரதராஜப் பெருமாளைச் சேவித்தாயிற்று, இனி ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். பல கம்பெனிகளின் வண்டிகளில் ரகசிய பின் எண் இல்லாமல் புதுச் சாவி ஏறாது. தப்பான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் சில வண்டிகள் பூட்டிக்கொள்ளும். கோடிங் நடக்கும்போது கார் பேட்டரி தெம்பாக இருக்கவேண்டும். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் வேலை கெட்டுவிடும். தொலைந்த சாவியின் பதிவை அழிக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். அதன்பின் கண்டெடுத்தவர் கதவைத் திறக்கலாம், வண்டியை ஓட்ட முடியாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். கார் திருடுபோனால் அவர்கள் வண்டியோடு வந்த இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? சிப் இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப விடாத அந்த இம்மொபிலைசரையே பைபாஸ் செய்துவிட்டால்? (ஒரகடம்)

பதில்: வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் சட்டம் இல்லை. அங்கே 2015 மாடல் கார்களில் மற்றக் கம்பெனிகள் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் வைத்திருந்தன. ஹூண்டாயும் கியாவும் 26 சதவீதத்தில்தான். பிறகு, யு.எஸ்.பி. கேபிள் முனையால் திருகி அந்தக் கார்களைக் கிளப்பும் வித்தை சமூக வலைதளங்களில் பரவியது. ஊர் ஊராகத் திருட்டு. அந்த இரு கம்பெனிகளும் 2023-ல் இலவச சாஃப்ட்வேர் அப்டேட் கொடுக்க வேண்டியதாயிற்று. சில நூறு ரூபாயில் பைபாஸ் செய்து தருகிறேன் என்பவர் உங்கள் காரை அந்த வரிசையில் நிறுத்துகிறார்.

கேள்வி: பட்டன் ஸ்டார்ட் சாவியின் சிக்னலை வாசலில் நின்றே இழுத்துத் திருடுகிறார்களாமே? பட்டுப்புடவை அடுக்குக்குள் வைத்தால் ஜரிகை தடுக்குமா? (முத்தியால்பேட்டை)

பதில்: இழுக்க முடியும். சூரிச் ஆய்வாளர்கள் 2011-ல் 10 மாடல் கார்களில் செய்தே காட்டினார்கள். ஆனால் ஜரிகை புடவைக்கு அழகு. சாவிக்குக் காவல் அல்ல. மூடி இறுகிய தகர பிஸ்கட் டப்பா போதும். சாவியை உள்ளே வைத்து, டப்பாவோடு கார் அருகே நின்று கைப்பிடியை இழுங்கள். கதவு திறந்தால் வேறு டப்பா பாருங்கள்.