கேனோடு நின்ற விவசாயி

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி, ரகசிய மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்னாராம். அப்பேர்ப்பட்டவர் ஊரில் 2008 நவம்பர் முதல் மின்சாரத்தை ரேஷனில் கொடுத்தார்கள்.

உயர் அழுத்த இணைப்புக்காரர்களுக்கான வெட்டு ஏறி இறங்கி, 2012இல் 40 சதவீதத்தில் வந்து நின்றது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. விளக்கைப் போட்டுவிட்டு, அது எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். அந்த ஏப்ரலில்தான் ஜெர்மனியின் டெய்ம்லர் பக்கத்து ஒரகடத்தில் லாரி ஆலையைத் திறந்தது. நல்ல முகூர்த்தம்! மாநிலத்தின் பற்றாக்குறை அந்த வருடம் 4,000 மெகாவாட்.

கப்பலில் வந்த கச்சா எண்ணெயை மணலியில் காய்ச்சி டீசலாக்கி, டேங்கரில் ஏற்றி, ஜெனரேட்டரில் எரித்து, அந்த மின்சாரத்தில் டீசல் குடிக்கும் வண்டிக்கு உதிரிபாகம் செய்தது ஆசியாவின் டெட்ராய்ட் என்று பெயர் வாங்கிய இந்தச் சென்னை வட்டாரம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான்.

டேங்கரெல்லாம் பெரிய இடத்துக்கு. கூலிக்கு வேலை எடுக்கும் பட்டறையில் கரண்ட் போனால் லேத் பாதிக் கடைசலில் நிற்கும். பையன் டீசல் டேங்குக்குள் குச்சியை விட்டு, செல்போன் வெளிச்சத்தில் ஈரம் எதுவரை என்று பார்ப்பான்.

“ரெண்டு விரக்கடைதான் இருக்கு முதலாளி.”

முதலாளி கேனை எடுத்து நீட்டுவார்.

விவசாயி கஷ்டப்படக் கூடாதென்று டெல்லி டீசல் விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் புகைக்குள் அந்த விவசாயியைத் தேடியும் காணோம். 2013 ஜனவரியில் டெல்லிக்குத் திடீர் ஞானோதயம்: மொத்தமாக வாங்கினால் சந்தை விலை, பெட்ரோல் பங்கில் வாங்கினால் பழைய சலுகை. லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் வித்தியாசம். நம் ஆட்களிடமா இந்தக் கதை? மொத்தம் சில்லறையாகிவிட்டது. முன்னேர் ஓட்டியதே தமிழக அரசுதான். டிப்போவில் சொந்தத் தொட்டி இருந்தும், அரசு பஸ்களைப் பங்குக்கு அனுப்பியது. டெல்லி சர்க்கார் போட்ட பூட்டுக்குச் சென்னை சர்க்காரே கள்ளச்சாவி.

பஸ்ஸுக்குப் பின்னால் கேனோடு நம் பட்டறைப் பையன். டிரைவர் எட்டிப் பார்த்து, “என்னடா, ஏர் ஓட்டப் போறியா?” என்பார்.

“ஆமாண்ணே, லேத்துல.”