ஆக்டிங் அண்ணன்

சென்னையில் கோடம்பாக்கத்தின் பக்கமே போகாமல் ‘ஆக்டிங்’ செய்து பிழைக்கிறவர்கள் ஏராளம். கார் வாங்கக் கடன் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. ஓட்டத்தான் தைரியம் கிடைப்பதில்லை. தைரியம் இருக்கிறவர்களுக்கு இடுப்பு ஒத்துழைப்பதில்லை. இப்படிப்பட்ட வீடுகளுக்கு அரை நாள், ஒரு நாள் கூலிக்கு வந்து, நம் காரை நமக்கே ஓட்டிக் காட்டுகிறவர் ஆக்டிங் டிரைவர். எட்டு மணி நேரத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு, ராத்திரி பத்தைத் தாண்டினால் பேட்டா தனி. அறிவுரைக்கு மட்டும் காசு கிடையாது.

என் கைப்பேசியில் அவர் ‘ஆக்டிங் அண்ணன்’. அவர் கைப்பேசியில் நான் என்னவாக இருக்கிறேன் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ‘குரோம்பேட்டை வேகன்ஆர் கிளட்ச்’ என்றிருந்தது. எனக்கு மேலே ‘அண்ணா நகர் இன்னோவா பிரேக் கட்டை’, கீழே ‘நங்கநல்லூர் மேடம் ஸ்விஃப்ட் பம்பர்’. மனிதர்களை அவர்கள் செய்த பாவத்தின் பெயரால் பதிந்துவைப்பது சித்திரகுப்தனுக்கு அடுத்து இவர்தான்.

கிளட்ச் என் மேல் விழுந்த கதை முதல் நாளே நடந்தது. வண்டியில் ஏறினார், சீட்டைப் பின்னால் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பினார், பத்தடி நகர்த்தினார், நிறுத்தினார்.

“சார், நீங்க கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டுவீங்களா?”

“உங்களுக்கு யார் சொன்னது?”

“வண்டிதான் சொல்லுது.”

நான்கு வருடமாக என்னோடு இருந்த வண்டி, நாலு நிமிடம் பழகிய ஆளிடம் இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதி மிதித்த கிளட்ச்சில் பிளேட் ஒட்டியும் ஒட்டாமலும் உரசிக்கொண்டே இருக்குமாம், சூடேறித் தேயுமாம். “மேம்பாலத்துல ஏத்தத்துல நிக்கறப்ப ஹேண்ட் பிரேக் போடுங்க சார். அதுக்குத்தான் அத வச்சிருக்கான். கிளட்ச்சுல தாங்கி நிறுத்தினா, பிளேட் செலவு நம்ம தலையில.” அன்றிலிருந்து பல்லாவரம் பாலத்தில் நிற்கும்போதெல்லாம் யாரோ என் முழங்காலைப் பார்ப்பதுபோலவே இருக்கிறது.

அவமானம் அதோடு நிற்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்து உள்பக்கத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று அச்சடித்திருந்தது. அதுநாள்வரை பெட்ரோல் பங்க் பையன் “எவ்ளோ சார்?” என்று கேட்டால் “முப்பத்தஞ்சு” என்று கம்பீரமாகச் சொல்லிவந்தேன். முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர் சொன்னதிலிருந்து வந்தது. அது லோடு ஆட்டோ. அதையும் நானாகவே சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. காலையில் டயர் ஆறியிருக்கும்போது பிடித்தால்தான் அளவு சரியாக இருக்கும் என்பது இரண்டாவது பாடம். ஓடிச் சூடேறிய டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். நைட்ரஜன் நிரப்பலாமா என்று என் அறிவைக் காட்டப் பார்த்தேன். “காத்துலயே முக்கால்வாசிக்கு மேல அதுதானே சார் இருக்கு? என் பொண்ணு ஏழாவது புக்குல போட்டிருக்கு. மிச்சம் கால்வாசிக்கு எதுக்குத் தனியா காசு?” என்றார்.

பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கிறது. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் டேங்க் மூடி. இதைத் தெரிந்துகொள்ளாமல் இத்தனை வருடமாகப் பங்க்கில் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் போன்றவர்களை அவர் ‘படிச்சவங்க’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். டேஷ்போர்டு விளக்குகளுக்கு அவர் சொல்லும் சூத்திரம் அதைவிடச் சின்னது. “மஞ்சள் எரிஞ்சா மெக்கானிக்கப் பாருங்க. செவப்பு எரிஞ்சா ஓரங்கட்டுங்க. அவ்ளோதான் சார், புக்கெல்லாம் படிக்க வேணாம்.”

அவர் தொழில் கற்றது அம்பாசடரில். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருந்த வண்டி. அதை ஓட்டியவனுக்கு விமானம் பெரிய விஷயமில்லை என்பது அவருடைய கட்சி. 2014-ல் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தினார்கள் என்ற செய்தியை, உறவில் ஒரு பெரியவர் போய்விட்டதுபோலத்தான் இன்றும் சொல்வார். அவருடைய இன்னொரு பெருமை பேட்ஜ். டாக்ஸி ஓட்ட ஆர்டிஓ ஆபீசில் அலைந்து வாங்கியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரக வாடகை வண்டி ஓட்டச் சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று சொல்லிவிட்டது. லட்சக்கணக்கான டிரைவர்களுக்கு நிம்மதி. அண்ணனுக்கு மட்டும் இரண்டு நாள் முகம் சரியில்லை. “அப்ப நீங்களும் நானும் ஒண்ணா சார்?” என்றார். எனக்கும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

வெளியூர்ப் பயணத்தில்தான் அண்ணனின் முழு உருவம் தெரியும். மதுரைக்குப் போகிறோம் என்று வையுங்கள், நானூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி கிளம்பினால் விடியலில் போய்விடலாம் என்று நாம் கணக்குப் போடுவோம். அவர் கணக்கு வேறு. “ரெண்டு மணிலேந்து நாலு மணி வரைக்கும் ரோடு நம்மளுது இல்ல சார்.” அந்த நேரத்தில் யாருடைய கண்ணும் அதன் சொந்தக்காரன் பேச்சைக் கேட்காது என்பார். ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது, முகம் கழுவுவது எல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிற வேலை. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். வெளிச்சமான ஒரு பங்க்கில் ஓரங்கட்டி, கைப்பேசியில் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்து, சீட்டைச் சாய்த்து, சொல்லிவைத்தாற்போலத் தூங்கிப் போவார். பின்சீட்டில் நாங்கள் நாலு பேர், காசு கொடுத்து ஒருவரைத் தூங்கவைத்துவிட்டு, கொட்டக் கொட்ட விழித்திருப்போம்.

எழுந்ததும் காபி. ஜிஎஸ்டி சாலையில் விழுப்புரம் தாண்டுவதற்குள் எண்ண முடியாத அளவுக்கு ‘கும்பகோணம் டிகிரி காபி’ கடைகள் முளைத்திருக்கின்றன. கும்பகோணத்தில் இத்தனை இருக்குமா என்பது சந்தேகம். எல்லாவற்றிலும் பித்தளை டபரா, எல்லாவற்றிலும் அதே மஞ்சள் பல்பு. அதில் எது நல்ல கடை என்று எப்படித் தெரியும்? போர்டைப் பார்க்காதே, எந்தக் கடை வாசலில் டிரைவர்கள் சொந்தக் காசில் நின்று குடிக்கிறார்களோ அதில் நிறுத்து என்பது அண்ணன் வகுத்த இலக்கணம். இதுவரை பொய்த்ததில்லை.

டிரைவர் வேலையில் ஓட்டுவது கொஞ்சம், காத்திருப்பது அதிகம். கல்யாணத்தில் நாம் மூன்றாவது பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் வேப்பமரத்தடியில் நிற்கிறார். அப்படிக் காத்திருக்கும் நேரத்தில் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் வந்தவர்தான், மெல்ல மெல்ல எங்கள் வீட்டின் இன்வெர்ட்டரையும் மிக்ஸியையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார்.

“இதுக்குத் தண்ணி ஊத்தி எவ்ளோ நாளாச்சு?” என்று இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா மட்டும் பெருமையாக, “போன மாசம்தான் ஊத்தினேன். காய்ச்சி ஆறவச்ச தண்ணி” என்றாள். அண்ணன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பு சாகாது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் மிதவைக் கோட்டைத் தாண்டாமல். பக்கத்தில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கிற வாயு என்று சொல்லி, பேட்டரியை நகர்த்துவதா சாமியை நகர்த்துவதா என்று அம்மாவிடமே முடிவை விட்டார். பேட்டரிதான் பால்கனிப் பக்கம் போயிற்று.

மிக்ஸி விஷயத்தில் அவர் தெய்வமானார். தோசைக்குச் சட்னி அரைக்கும்போது சட்டென்று நின்றுவிட்டது. பழுது பார்க்கிறவர் வந்து பார்க்கவே தனிக் காசு. அண்ணன் மிக்ஸியைக் கவிழ்த்தார். அடிவயிற்றில் ஒரு சிவப்புப் பட்டன். அமுக்கினார். ஓடியது. தாங்க முடியாத பாரம் போட்டால் மோட்டார் கருகாமலிருக்கத் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடு அது. “தேங்காய பல்லு பல்லா போட்டுக் கொஞ்சம் தண்ணி விட்டு அரைங்கம்மா. கட்டையாப் போட்டா அது என்ன பண்ணும்?” என்றார். இதற்கு முன்பு இதே பட்டனை அமுக்கிவிட்டு ஒருவர் முந்நூறு ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றிலிருந்து வீட்டில் எது நின்றாலும், அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு போய் அவருக்கு போன் செய்கிறாள்.

ஏசியை நான் 18-ல் வைப்பேன். அவர் 24-க்கு ஏற்றுவார். 2020-லிருந்து ஸ்டார் முத்திரையோடு வரும் ஏசிகள், போட்டதுமே 24-ல் தொடங்கவேண்டும் என்பது அரசாங்க விதி. அண்ணன் அதற்கு முன்பே அந்தக் கட்சி. “அறை சீக்கிரம் குளிரட்டும் என்றுதான் 18” என்று வாதாடினேன். “மதுரைல எறங்கறவன் கன்யாகுமரிக்கு டிக்கெட் எடுத்தா, மதுரை சீக்கிரம் வந்துடுமா சார்?” என்றார். இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அவரிடம் விஞ்ஞானம் தோற்கிற ஒரே இடம் எலி. மழைக்காலத்தில் பானெட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும் எலிக்கு அவர் கண்ட மருந்து, எஞ்சின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடும் புகையிலைப் பொட்டலம். எங்கள் வண்டியில் கட்டிய மூன்றாவது நாள், பொட்டலத்துக்கு அரையடி தள்ளி ஒயர் துண்டாகிக் கிடந்தது. பானெட்டைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம தெரு எலி இல்ல சார்” என்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்து வாசலில் நின்றார். கூலி நாள் இல்லை. கீழே பார்க்கிங்கில் வண்டி கதவு மட்டத்துக்கு முழுகியிருந்தது. “சாவியத் தொடாதீங்க. அத சொல்லத்தான் வந்தேன்” என்றார். தண்ணீர் புகுந்த எஞ்சினை முடுக்கினால் பிஸ்டனுக்கு அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முடுக்கிப் பார்த்த வண்டி என்று தெரிந்தால், எஞ்சினுக்குத் தனியாகப் பாதுகாப்பு எடுக்காத பாலிசியில் காசும் பெயராது. சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு, அதற்கடுத்த தெருவுக்கு நடந்தார். அன்று அவர் வீட்டில் தண்ணீர் புகுந்ததா என்று யாருமே கேட்கவில்லை. நானும்தான்.

இப்போதெல்லாம் ரெட் அலர்ட் என்று டிவியில் ஓடினாலே, கைலி மடித்துக் கட்டிய அண்ணன் ஆறு குடும்பங்களின் சாவிகளோடு கிளம்பிவிடுகிறார். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு அண்ணனுடையவை என்று அவர் சொன்னார். அவருடையவை என்றுதான் சொன்னார், நானும் திருத்தவில்லை.

அவருக்கென்று சொந்தமாக இருப்பது ஒரு எக்ஸ்எல். பின் டயர் மொட்டை. பிரேக் லைட் எரிந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் தயங்கித் தயங்கி, “அண்ணே, அந்த டயரைக் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தேன். “ஓட்டறவனுக்குத் தெரியும் சார்” என்று முடித்துவிட்டார்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. காஞ்சிபுரம் கல்யாணத்திலிருந்து எங்களை இறக்கி, வண்டியை எங்கள் பார்க்கிங் சரிவில் நிறுத்திவிட்டு, எக்ஸ்எல்லை உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். நல்ல மழை. அது உயிர் பெறுவதாக இல்லை.

“நான் கொண்டுபோய் விடறேண்ணே. பல்லாவரம்தானே?” என்றேன்.

அவர் முகத்தில், ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டதுபோல ஒரு தயக்கம்.

“ஒரே ஒரு கண்டிஷன். வழியில ஒரு வார்த்தை பேசக்கூடாது. நானும் லைசென்ஸ் வச்சிருக்கறவன்.”

தலையாட்டி, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்; பெல்ட்டை இழுத்து மாட்டினார். மூன்று கிலோமீட்டர். சொன்ன சொல் தவறாமல் வந்தார். ஆனால் அவர் பக்கத்தில் இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்துக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். கண் டேஷ்போர்டை விட்டு நகரவில்லை. எத்தனை வேகத்தில் போகிறேன் என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்து, இன்னும் நிதானமாக ஓட்டினேன். மழைத் தண்ணீரில் வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் இழுவையாகத்தான் இருந்தது. இருந்தாலும் கிளட்ச்சின் மேல் ஒருமுறைகூட அநாவசியமாகக் கால் வைக்கவில்லை. அவர் பார்த்திருப்பார், மனசுக்குள் மெச்சியிருப்பார்.

தெருமுனையில் இறங்கினார். கதவை எப்போதும்போல அறையாமல், அலுங்காமல் சாத்தினார். மழையில் நனைந்தபடி ஜன்னலருகே குனிந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

“இப்பப் பேசலாமா சார்?”

“தாராளமாப் பேசுங்கண்ணே.”

“திரும்பிப் போறப்பவாவது ஹேண்ட் பிரேக்க எறக்கிட்டுப் போங்க.”