நம்பர் போட்ட ஈ

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "அது கிடக்கட்டும், சாப்பிட்டியா?" என்று வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவை வாசித்துக் காட்டச் சொல், நீ கண்ணாடியைத் தேட வேண்டாம்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினாயே, "பாக்கெட்டில் வருவதெல்லாம் விஷம், பார்த்து வாங்கவும்" என்று? பார்த்து வாங்கப் போய்த்தான் இந்த வினை. லெஸ்டரில் ஒரு ரொட்டி வாங்க ஐந்து நிமிஷம் போதும். அன்றைக்கு எனக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலின் எழுத்து அவ்வளவு பொடி. போனில் படம் பிடித்து, பெரிதாக்கிப் படித்தேன். செக்யூரிட்டி ஆள் இரண்டு தடவை என் முதுகுப் பக்கமாக நடந்துவிட்டுப் போனார்.

அந்தப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். பாட்டில் முழுக்க ஆரஞ்சுப் படம் போட்ட பானத்தில் முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை. ஆரஞ்சைத் தேடினால், கல்யாணப் பத்திரிகையில் "சுற்றமும் நட்பும்" மாதிரி எங்கேயோ அடியில் இருக்கிறது. ரொட்டியிலோ மாவுக்குப் பக்கத்திலேயே கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் தூள் அம்மா! வெள்ளை மாவில் கால்சியம் சேர்த்தாக வேண்டும் என்று யுத்த காலத்தில், 1940-களில் வந்த ஏற்பாடு. பாட்டி வெற்றிலையில் தடவினால் கெட்ட பழக்கம், இவர்கள் ரொட்டியில் போட்டால் சத்துணவு.

இன்னொன்று கேள். 1961-இல் சோர்லிவுட் என்ற ஊரில் ஒரு வழி கண்டுபிடித்தார்களாம். மாவை மெஷினில் அசுர வேகத்தில் அடித்து, வைட்டமின் சி, கொழுப்பு, கூடுதல் ஈஸ்ட் எல்லாம் போட்டால் மணிக்கணக்கில் புளிக்க வைக்க வேண்டாம். விடிகாலையில் எழுந்து மாவுக் குண்டான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிற உன்னிடம் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஈ. நம்மூரில் பொட்டலத்தில் ஈ இருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். இங்கே ஈக்கு நம்பர் போட்டு விற்கிறார்கள். சேர்க்கலாம் என்று அனுமதித்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு 'ஈ' நம்பர். மூன்று வாரமாக மனப்பாடம் செய்தேன், அப்பா ரயில் நம்பர் ஒப்பிப்பாரே, அப்படி. ஈ 500 என்று பயந்து கீழே வைத்தேன், பார்த்தால் ஆப்ப சோடா. ஈ 330 எலுமிச்சை உப்பு. ஈ 100 மஞ்சளிலிருந்து எடுத்த நிறம். நிஜமாகவே பூச்சியும் உண்டு: கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுக்கிற சிவப்புச் சாயம், ஈ 120. நான் ஆறு மாதமாக ஆசையாகச் சாப்பிட்ட ரோஸ் கலர் தயிரில் அதுதான் இருந்தது. பாட்டியிடம் சொல்லாதே.

ஈ 412 தெரியுமா? கொத்தவரங்காய்! பதினெட்டு வருஷம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தேனே, அதே கொத்தவரையின் விதையை மாவாக்கி, கெட்டியாக இருக்க ஐஸ்கிரீமில் போடுகிறார்கள். கடல் தாண்டி வந்து என்னைப் பிடித்துவிட்டது.

எல்லா ஈயும் இப்படிச் சாது இல்லை. 102, 104, 110, 122, 124, 129 என்று ஆறு கலர்கள். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்கு அப்புறம், இவற்றைப் போட்டால் குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று பாக்கெட்டிலேயே எழுத வேண்டும், 2010-இலிருந்து. நீ கேசரிக்குப் போடுகிற கலர்ப்பொடி டப்பாவை எடுத்துப் பார். ஈ இருக்காது, ஐ.என்.எஸ். என்று இருக்கும், நம்பர் அதேதான். 102, 110 இருந்தால் அக்கா பிள்ளைகளுக்கு அதைப் போடாதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குங்குமப்பூ விலை எனக்கும் தெரியும். வெள்ளையாகவே கிண்டு.

கடைசியில் மாவு, தண்ணீர், உப்பு மூன்றே சேர்ந்த ரொட்டி ஒன்றைக் கண்டுபிடித்தேன். மூன்று மடங்கு விலை. எதையும் போடாமல் இருப்பதற்கு இங்கே தனியாகக் காசு.

ஆபீஸ் பையன் ஒருவன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். பாக்கெட்டில் இருக்கிற கறுப்புக் கோடுகளைக் காட்டினால் மார்க் போடும். ராத்திரி உட்கார்ந்து அலமாரியையே காட்டினேன். பிஸ்கட்டுக்கு நூற்றுக்கு எட்டு. நூடுல்ஸ் பெயில். உன் பருப்புப் பொடியையும் காட்டினேன். நீதான் பழைய மால்ட் பாட்டிலில் போட்டு அனுப்பி, லேபிளைப் பாதி சுரண்டி, கோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறாயே. "சர்க்கரை மிக அதிகம், தவிர்க்கவும்" என்றது.

தவிர்க்க முடியவில்லை. சுடுசோறு வைத்து, நெய் ஊற்றி, அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டேன். மணி பதினொன்றரை. அரை இஞ்சுப் பொடிதான் மிச்சம்.

சின்ன மாமா நவம்பரில் வருகிறாராமே? அவரிடம் கொடுத்து அனுப்பு. இந்தத் தடவை லேபிளை முழுசாகச் சுரண்டிவிடு.

உன் பிள்ளை