விரிசல் சாஸ்திரம்: ஓர் ஆராய்ச்சி

மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணாக்கர் ஹிஸ்டாலஜி என்னும் திசுவியலை மைக்ராஸ்கோப்பின் வாயிலாகவே கற்கிறார்கள் என்றோர் அபிப்பிராயம் பொதுஜனங்களிடையேயும், சில பேராசிரியர்களிடையேயுங்கூட, நெடுங்காலமாக நிலவி வருகிறது. அது பிரமை என்பதும், ஸ்லைடின் மூலையிலுள்ள விரிசல், மூடுகண்ணாடிக்கு அடியில் சிக்கிய காற்றுக் குமிழி, லேபிளில் படிந்த மசிக்கறை ஆகிய புறச்சின்னங்களைக் கொண்டே இவ்வித்தை பரம்பரை பரம்பரையாகப் போதிக்கப்பட்டு வருகிறது என்பதும் இக்கட்டுரையின் சித்தாந்தம். அவ்வழியிலேயே பயின்றவன் என்ற முறையில், இதுபற்றிச் சாட்சி சொல்ல எனக்கு ஓரளவு அருகதை உண்டு.

பூர்வாசாரியர்களின் சம்மதமும் இதற்கு இல்லாமல் இல்லை. 1802-ல், தமது 30-ஆம் வயதிலேயே காலமான பிஷா என்னும் பிரெஞ்சு வைத்தியர், மனித சரீரத்தை 21 வகைத் திசுக்களாக வகுத்து இச்சாஸ்திரத்துக்குக் கால்கோள் செய்தவர். அதைச் செய்ததோ மைக்ராஸ்கோப்பின் துணையின்றி, அதன்மேல் சிறிதும் நம்பிக்கையின்றி. மூலபுருஷரே நாடாத கருவியை, மணிக்கணக்கில் குனிந்து கழுத்து வலி கண்ட நம் மாணாக்கர் நாடவில்லை என்று குறை கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

அக்கருவிக்குள் தென்படும் உலகம் எத்தகையது என்பதையும் சற்று விசாரிக்க வேண்டும். மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹீமட்டாக்ஸிலின் என்ற சாயம் உயிரணுவின் உட்கருவை ஊதாவாக்கும். வைகறைத் தேவதையின் கிரேக்கப் பெயரைத் தாங்கிய ஈயோசின் மற்றவற்றை ரோஜா நிறமாக்கும். ஆகவே நாக்கும் ரோஜாவும் ஊதாவும், ஈரலும் ரோஜாவும் ஊதாவும், மண்ணீரலும் அஃதே. ரெக்கார்டு நோட்டில் படம் வரையும் மாணவனுடைய பென்சில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர், இரண்டு பென்சில்கள் மட்டும் சுண்டுவிரல் நுனியளவாகத் தேய்ந்திருக்க, பச்சைப் பென்சில் கடையில் வாங்கிய உயரம் குறையாமல் கம்பீரமாய்ப் படுத்திருப்பதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

நிறம் போகட்டும், வடிவமாவது கைகொடுக்குமா என்றால் அதுவும் இல்லை. வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்தால் ஐந்து மூலை நட்சத்திரம். நெடுக அரிந்தால் முத்து முத்தாய் விதை வரிசை. அடுக்களையில் அவசரத்தில் சாய்வாக அரிந்தால் இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. வெண்டைச் செடியையே கண்டறியாத ஒருவனிடம், ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு கனமுள்ள சாய்வுத் துண்டொன்றை நீட்டி, இது எந்தக் காய், இரண்டு காரணங்களுடன் கூறுக என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? யூரீட்டர் என்னும் சிறுநீர்க் குழாயைக் குறுக்கே சீவினால் உள்துளை நட்சத்திரம் போலத் தெரியும் என்று புத்தகம் சொல்வது மெய்யே. ஆனால் சீவியவர் எந்தத் திசையில் கத்தியைப் பிடித்தார் என்பதைப் புத்தகம் எப்படி அறியும்?

இந்நிலையில்தான் தர்க்க சாஸ்திரிகள் கூறும் பிரமாணங்கள் துணைக்கு வருகின்றன. பிரத்தியட்சம் பயன்படாது என்பதை மேலே நிறுவினோம். எஞ்சியவற்றுள் இங்கு உதவுபவை அனுமானமும் ஆப்தவாக்கியமும். மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது போல, மூலையில் விரிசல் கண்டு உறுப்பை ஊகிப்பது அனுமானம். அதற்கு ஆதாரமான ஆப்தவாக்கியத்தை விடுதி மாடிப்படியில் சீனியர் ஒருவர், வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷுடன், எனக்கு உபதேசித்தார்: "மூலை ஒடிஞ்சிருந்தா பேன்க்ரியாஸ்டா. குனியாதே. எழுதிட்டுப் போய்க்கிட்டே இரு."

பேன்க்ரியாஸ் என்னும் கணையத்தைப் பற்றி இவ்வளவு கவலை ஏனெனில், அதுவும் காதடியில் உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் திராட்சைக் குலை போன்ற அதே செல்கொத்துகள். கணையத்தில் மட்டும், இருண்ட கொத்துகளுக்கிடையே வெளிறிய திட்டுகள் ஆங்காங்கே கிடக்கும். அவையே லாங்கர்ஹான்ஸ் தீவுகள். 1869-ல் பெர்லினில் அவற்றை முதன்முதல் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது மாணவர், வயது 21. அவற்றின் காரியம் யாதென்று தமக்குத் தெரியவில்லை என்பதைத் தம் ஆய்வேட்டில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். எங்கள் ரெக்கார்டு நோட்டில் அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மசியில் ஒரு சுழி கிடைத்திருக்கும்.

பரீட்சையன்று ஆறாம் மேஜையில் மூலை ஒடிந்த ஸ்லைடு என்னை வரவேற்றது. பழைய நண்பனைக் கண்டாற்போல மகிழ்ந்து, கணையம், காரணம் ஒன்று லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று தொடங்கி, அவற்றின் இன்சுலின் சுரப்பு வரை கேளாத விஷயங்களையும் எழுதி முடித்தேன். மிச்சமிருந்த சில விநாடிகளில், ஆராய்ச்சி மனோபாவத்தால் தூண்டப்பட்டு, செய்யத் தகாத ஒரு காரியத்தைச் செய்தேன்: குனிந்து பார்த்தேன். செல்கொத்துகளுக்கிடையே கொழுப்புச் செல்கள் வெள்ளை வெள்ளையாக, இட்லித் துணியின் துளைகள் போல நிறைந்திருந்தன. தீவு ஒன்றுகூட இல்லை. முந்தைய வாரம் அட்டெண்டர் அண்ணன் ஸ்லைடுத் தட்டைக் கைதவறவிட்ட செய்தி காதில் விழுந்தபோது, அதன் சாஸ்திர முக்கியத்துவம் எனக்குப் புலப்பட்டிருக்கவில்லை.

அடித்து எழுதப் பேனாவைத் தூக்கினேன். மணி அடித்தது. ஏழாம் மேஜைக்கு நகர்ந்தேன். அங்கிருந்த ஸ்லைடில் விரிசலே இல்லை.