வரப்போகுது சார்

எங்கள் தெருவுக்கு பிளம்பர் வருவதில்லை. ஆட்டோவும் வருவதில்லை, வந்தாலும் முனையிலேயே இறக்கிவிட்டு, "உள்ள வந்தா திருப்ப முடியாது சார்" என்று போய்விடும். மெட்ரோ ரயில் மட்டும் தினம் காலை ஆறரைக்கு டாணென்று வந்துவிடுகிறது. ஒரு கையில் பால் பாக்கெட்டும் மறு கையில் குடையுமாக அதை ஓட்டி வருபவர் வரப்போகுது சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் அது செல்லாது. கூரியர் பையன்கூட, "வரப்போகுது சார் வீடு எதுங்க?" என்றுதான் கேட்கிறான்.

"பேப்பர் பாத்தீங்களா சார்?" இதுதான் தூண்டில். பார்க்கவில்லை என்றால் முழுச் செய்தியும் கேட்க வேண்டும். பார்த்தேன் என்றால், "எட்டாம் பக்கம் பாத்தீங்களா?" என்பார். எட்டாம் பக்கத்தையும் பார்த்துவிட்டேன் என்று ஒருநாள் துணிந்து சொன்னேன். "அப்ப வாங்க, பேசுவோம்" என்று தோளில் கை போட்டுவிட்டார். தாம்பரத்தில் நான் பிடிக்க வேண்டிய 7.40 மின்சார ரயில் அன்று என்னை விட்டுவிட்டுக் கடற்கரை போய்ச் சேர்ந்தது. வராத ரயிலைப் பற்றிக் கேட்டு, வந்த ரயிலைக் கோட்டைவிட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். விசாரித்தால் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

"எழுத்துல இருக்கு சார். இரும்புலியூர்னு பேர் போட்டே இருக்கு!"

இருக்கிறது, மறுப்பதற்கில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஏறத்தாழ 15.5 கிலோமீட்டருக்குத் தீட்டிய மெட்ரோ திட்ட அறிக்கையில், அதாவது டிபிஆரில், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் தாண்டியதும் எங்கள் இரும்புலியூர் என்று ஒரு நிலையம் குறித்திருக்கிறார்கள். அப்புறம் பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், வண்டலூர். மனிதருக்கு அது போதும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே பந்தியில் உட்கார்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டவர் அவர்.

இந்த ஆசைக்கு ஒரு நியாயமும் உண்டு. 1931லேயே கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தண்டவாளம் எங்கெங்கோ நீண்டது. ஆனால் தாம்பரத்தை விட்டால் அடுத்து பெருங்களத்தூர்தான். நடுவில் இருக்கும் எங்களுக்கு ரயில் போகிற சத்தம் உண்டு, நிற்கிற சத்தம் கிடையாது. இதை அவர் நேரடி அவமானமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "கடைசி ஸ்டேஷன்ல இறங்கிப் பாத்தேன் சார். தண்டவாளம் நம்ம பக்கம் பாத்துத்தான் நிக்குது."

எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள். அதற்காகக் கொட்டிய எம்-சாண்ட் பாதித் தெருவை அடைத்துக் கிடக்கிறது. நமக்கு இடைஞ்சல்; அவருக்குக் கரும்பலகை. ஒரு காலையில் குடை நுனியால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். "இது ஜிஎஸ்டி ரோடு." ஒட்டி இன்னொரு கோடு. "இது ரயில்வே லைன்." அங்கிருந்து விலகி ஒரு வளைவு. "இது மதுரவாயல் போற பைபாஸ்." பிறகு ஜிஎஸ்டி ரோட்டின் மேல் வரிசையாகக் குச்சி ஊன்றினார். "தூண் சார்." நிலையங்களுக்குக் குச்சி சரிப்படவில்லை. கட்டட ஆட்கள் குடித்துப் போட்ட பேப்பர் கப்புகளைப் பொறுக்கிக் கவிழ்த்தார். தாம்பரத்துக்கு ஓரம் நசுங்கிய கப். இரும்புலியூருக்கு மட்டும் நசுங்காததாகத் தேடி எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த டீயை உதறி, இரண்டு முறை இடம் மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் தன் வீட்டுப் பக்கமாக லேசாக நகர்த்தினார்.

"கீழ ரோடு. அதுக்கு மேல பறக்கும் சாலை. அதுக்கும் மேல மெட்ரோ. மூணடுக்கு சார்!"

கலவை போட சித்தாள் வந்தார். "கொஞ்சம் தள்ளிக்குங்க ஐயா" என்று மண்வெட்டியை வீசித் தாம்பரத்தைச் சட்டியில் அள்ளினார். அடுத்த வீச்சில் இரும்புலியூர் போய்விட்டது. பெருங்களத்தூரும் பாதி சரிந்தது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு சலனமும் இல்லை. "டிபிஆர்ல இந்த மாதிரி மாத்தம் வர்றது சகஜம்தான் சார்" என்றார்.

கீரைக்காரம்மாவையும் விடுவதில்லை. "இப்பவே கட்டு இருபது ரூபாயா? மெட்ரோ வந்தா அம்பது சொல்லுவ போலிருக்கே?"

"அது வர்றப்ப வரட்டும் சார். நேத்து பாக்கி பத்து ரூபா இன்னும் வரல."

அவர் வாயை அடைக்கத் தெரிந்தது கீரைக்காரம்மா ஒருவருக்குத்தான்.

அவரிடம் பேப்பரை இரவல் வாங்கினால் நாம் திருப்பித் தருவதற்குள் ஐந்து முறை மணி அடிப்பார், தெரு நாய்களுக்கு ஆங்கிலத்தில் கட்டளையிடுவார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

சங்கடம் என்னவென்றால், அவர் சொன்னவற்றில் சில வந்துவிட்டன. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட 5 நகராட்சிகளையும், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை உள்ளிட்ட 5 பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி ஆனது. அன்று மாலை வழக்கம்போலக் கொசு கடித்தது. "மாநகரக் கொசு சார்" என்று பெருமையோடு அடித்தார். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். எத்தனையோ வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எங்களிடம் கேலி வாங்கிய மனிதர், அந்த வாரம் முழுக்கத் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் நடந்தார். மதுரையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த மாமனாரிடம், "பஸ் ஸ்டாண்டு வசதியா இருந்துச்சா?" என்று, பெண்ணைக் கொடுத்தவர் விருந்து எப்படி இருந்தது என்று கேட்கும் பாவனையில் விசாரித்தார்.

"எல்லாம் சரி சார். பஸ் ஸ்டாண்டைத் திறந்துட்டாங்க, அங்க ரயில் நிக்க ஸ்டேஷன் எங்க?" என்றேன், மடக்கிவிட்ட நினைப்பில்.

முகம் தாமரையாய் மலர்ந்தது. "ஊரப்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் நடுவுல. வரப்போகுது சார்!"

அன்று இரவு சாப்பாடு ஆறித்தான் சாப்பிட்டேன்.

இதுவரை சிரிப்பு. இனி என் வழக்கு. அவருடைய மெட்ரோவுக்கு இந்தத் தெருவில் காசு கொடுப்பவன் நான். என் வீட்டுக்காரரையும் பிடித்து அதே மணல் பாடத்தை நடத்தியிருக்கிறார். அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை ஆயிரம் ரூபாய் ஏறியது. ஏன் என்று கேட்டால், "மெட்ரோ வரப்போகுதுல்ல தம்பி" என்கிறார் வீட்டுக்காரர். ஒரு தூண்கூட எழும்பாத ரயிலுக்கு மாதாமாதம் டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பரிசோதகர் வந்து கேட்டால் காட்ட வாடகை ரசீது வைத்திருக்கிறேன்.

அடுத்தது விளக்கு. முனைக் கம்பத்தில் விளக்கு எரியாமல் கிடந்தது. அந்த இருட்டில்தான் வாய்க்கால் மூடி ஒன்று பெயர்ந்து கிடந்தது. கடைசி வீட்டுப் பாட்டி அதில் தடுக்கி விழுந்து முழங்கை வீங்கிப்போனார். மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனேன். இவர் மனுவைக் கடைசி வரி வரை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கு சார் இப்ப லைட்டு? பாதாளச் சாக்கடைக்குத் தோண்டறப்ப இந்தக் கம்பத்தையே பிடுங்கப் போறாங்க. வாய்க்கா மூடியும் அப்படித்தான், வாய்க்காலே இருக்காது. பொறுங்க, எல்லாம் சேத்து வரப்போகுது."

பாட்டி அதுவரை விழுந்துகொண்டே இருக்க வேண்டுமா? கேட்டேன். பதில் இல்லை. பின்னாலேயே நாலு வீட்டுக்காரர்கள், "அவர் சொல்றதும் சரிதானே சார், எப்படியும் தோண்டப் போறாங்க" என்று பேனாவை மூடிவிட்டார்கள். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம். நாளைக்கு வரப்போவதைக் காட்டிக் காட்டி, இன்றைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்கிறார். சம்பளம் வாங்காமல் தெருவுக்கு ஒருவர் இப்படிக் கிடைத்தால் எந்த அலுவலகத்துக்குக் கசக்கும்? புகார் வந்தால்தானே பதில் சொல்ல வேண்டும்? வரும் முன்னே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப இவர் இருக்கிறார்.

இதையே அவர் வீட்டுத் திண்ணையில் அவருடைய மனைவியிடம் சற்றுச் சூடாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. முறத்தில் அரிசியைப் புடைத்தபடி சொன்னார்: "புரோக்கர் காட்டின மனை தம்பி இது. 'பைபாஸ் வரப்போகுது, பஸ் ஸ்டாண்டு வரப்போகுது'ன்னு அவன் சொன்னதை நம்பி, பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கினாரு. குடிவந்தப்ப கரண்டு கிடையாது. அரிக்கேன் விளக்கு. ராத்திரி தவளைச் சத்தம். 'வரப்போகுது, வரப்போகுது'ன்னு இவரு தினம் சொல்லலைன்னா நான் அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போயிருப்பேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்ட நாட்கள். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இதே மனிதர் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தோளில் உட்கார்த்திக்கொண்டு, தலையில் ரொட்டிப் பொட்டலத்தோடு ஒவ்வொரு வாசலாக நடந்தார். ரொட்டியை நீட்டும்போது ஒவ்வொரு வாசலிலும், "மூடு கால்வாய் வரப்போகுது சார், அடுத்த வருஷம் இப்படி இருக்காது" என்றார். எங்களுக்கு ரொட்டி பெரிதாக இருந்தது. ஆனால் அந்தப் பொய்யும் அன்றைக்குக் கொஞ்சம் வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இதற்காக மனுவை மடித்து வைத்துவிட முடியுமா? பாட்டியின் முழங்கை இன்னும் வலிக்கிறதே.

வழி தானாகவே பிறந்தது. ஒரு காலையில் டேப்பும் பெயிண்ட் டப்பாவுமாக இரண்டு பேர் வந்து, வரப்போகுது சார் வீட்டுக் காம்பவுண்டு சுவரை அளந்து, சிவப்பில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். எதற்கென்று சொல்லவில்லை. தெருவே கூடி நின்று பார்த்தது. யாரோ ஒருவர், "மெட்ரோவுக்கு நிலம் எடுக்கறாங்க போல" என்று மெதுவாகச் சொன்னார்.

"மெட்ரோவா? இங்கயா?" என்று சீறினார் இவர். "அதெல்லாம் நடக்கற கதையா சார்? பேப்பர்ல ஆயிரம் போடுவான். எத்தனை வருஷமா சொல்றாங்க, வந்துச்சா? மொதல்ல தெருவுல ஒரு லைட்டு எரியுதா? வாய்க்காலுக்கு ஒரு மூடி இருக்கா?"

மனு என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன். முதல் கையெழுத்து அவருடையது, கீழே இரண்டு கோடு போட்டு. பேனாவை மூடியிருந்த நாலு வீட்டுக்காரர்களும் திறந்தார்கள். அம்புக்குறி இன்டர்நெட் கேபிள்காரர்களுடையது என்று தெரிவதற்குள் மனு போய்ச் சேர்ந்துவிட்டது.

வாய்க்காலுக்கு மூடி போட்டாகிவிட்டது. கம்பத்தில் பளீரென்று புது எல்இடி விளக்கும் எரிகிறது. முன்பெல்லாம் இருட்டியதும் வரப்போகுது சார் வீட்டுக்குள் போய்விடுவார். இப்போது இரவு ஒன்பதரைக்கும் அந்தக் கம்பத்தடியில் குடையோடு நிற்கிறார். மணலில் போடும் கோடு நன்றாகத் தெரிகிறதாம்.